மோரில் ஒரு சிட்டிகை

ஜனவரி 6, திங்கள்

பிசின் வியாபாரி வருஷா வருஷம் தரும் டைரி இது. இதுவரை ஒன்றில்கூட நான் ஒரு வரி எழுதியதில்லை. மனைவி பிரேமா கோலம் வரைந்து பார்ப்பாள், மகள் வர்ஷி தாளைக் கிழித்து ராக்கெட் விடுவாள். இந்த வருஷம் எழுதியே ஆக வேண்டும். "பிள்ள என்ன சாப்பிடுது, எப்ப வலிக்குது, என்ன மருந்து குடுத்தீங்க, தெனமும் எழுதி வைங்க" என்று மதுரை டாக்டர் நஸீமா கறாராகச் சொல்லிவிட்டார்.

என் மகளுக்கு வந்திருப்பது சீலியாக் என்கிற வியாதியாம். ஒன்பது வயதுப் பிள்ளை, பதினெட்டு கிலோதான் இருக்கிறாள். இரண்டு வருஷமாகக் குடல்புழு, கண்ணேறு, சாமி குத்தம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குழாய் விட்டுப் பார்த்து, குடலில் துணுக்கு எடுத்துச் சோதித்து, கடைசியில் இந்த அம்மா சொல்கிறார், கோதுமைதான் காரணமென்று.

"கோதுமையா? நாங்க சோறு திங்கிற ஆளுங்க மேடம்!" என்றேன்.

"ராத்திரி சப்பாத்தி, காலையில பிரெட்டு, ஸ்கூல்ல பிஸ்கட்டு, ஞாயித்துக்கெழம பரோட்டா. எல்லாம் கோதுமைதான் சார். மைதாவும் கோதுமைதான். ஆயுசுக்கும் இனி தொடக்கூடாது. ஒரு துணுக்கு உள்ள போனாலும் குடல் புண்ணாகும்."

விருதுநகரில் பிறந்த பிள்ளைக்குப் பரோட்டா கிடையாது என்றால் இது என்ன அநியாயம்!

ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சேமியா, ரவை, சாஸ், சோயா, கடைப் பொடி வகைகள். "பெருங்காயம் எந்தக் கம்பெனி?" என்றார்.

"நம்ம கம்பெனிதான் மேடம்! எங்கப்பா காலத்துலேர்ந்து பெருங்காயம்தான் தொழிலு. பட்டறையிலேர்ந்து நேரா அடுப்படிக்குப் போகுது."

"அப்ப நான் சொல்ல வேண்டியதில்ல. அதுல என்ன போடுறீங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்று சிரித்தபடி டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

ஜனவரி 7, செவ்வாய்

அடுப்படியைத் துப்புரவாகக் காலி செய்தோம். என்னைவிடப் பதினான்கு வயது மூத்த என் அக்கா சுந்தரவடிவுதான் எங்கள் வீட்டுச் சமையல். அத்தான் போனதிலிருந்து பத்து வருஷமாக எங்களோடு இருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, ராத்திரி சப்பாத்திதான். அவளே சப்பாத்திக் கட்டையைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தாள். "எம்பிள்ளைக்கு ஆகாதது எனக்கும் ஆகாது, கனகு. நான் கேப்பக் களி தின்னுக்கிறேன்" என்றாள். சல்லடையைக்கூட விடவில்லை.

பிற்பகல் பட்டறைக்குப் போனேன். பத்து மூட்டை மைதா வந்து இறங்கியிருந்தது. ஒரு மூட்டை கிழிந்து பாதி தரையில். லாரிக்காரனைக் கிழி கிழியென்று கிழித்தேன். பெருங்காயச் செடியின் பாலும் பிசினும் சேர்த்துப் பிசையத் தரமான மாவு இல்லாவிட்டால் கட்டி பிளந்துவிடும். இதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஜனவரி 15, புதன்

காலை: சர்க்கரைப் பொங்கல். மதியம்: சோறு, சாம்பார், அவரைக்காய். மாலை: வயிறு உப்பி வலி.
மருந்து: மோரில் பெருங்காயம். என் கையால் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஏப்பம் விட்டுத் தூங்கிவிட்டாள்.

பெருங்காயக்காரன் மகளுக்கு வயிற்று வலி என்றால் ஊர் சிரிக்கும். எங்கள் வீட்டில் மற்றவர்கள் மாதிரி கிள்ளிப் போடுகிற பழக்கமே கிடையாது. அள்ளித்தான் போடுவோம்.

பிப்ரவரி 12, புதன்

காலை: இட்லி, சாம்பார். மதியம்: ரசம் சோறு. வலி உண்டு. மருந்து: மோர்.

சிவகாசி அச்சகத்திலிருந்து புது லேபிள் மாதிரி வந்தது. ஃபோன் நம்பரில் ஒரு எண் தப்பு. மஞ்சள் நிறமும் வெளிறிக் கிடந்தது. திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான் பார்க்காமல் விட்டால் இவர்கள் என் பெயரையே மாற்றிவிடுவார்கள்.

மார்ச் 3, திங்கள்



இரத்தப் பரிசோதனையில் இந்த வியாதியைக் காட்டும் எண் இறங்கவே இல்லை. இரண்டு மாதமாக ஒரு துண்டு பிஸ்கட் உள்ளே போகவில்லை, அப்படியும் போன தடவையைவிட ஏறியிருக்கிறது! "நீங்க எங்கயோ விடுறீங்க சார்" என்றார் டாக்டர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியல. கோதுமை வெளியிலேர்ந்து வருது, அத ஒடம்பு எதுத்தா சரி. எம்மக ஒடம்பு தன் கொடலையே ஏன் எதுக்குது?"

டாக்டர் ஒரு தாளை இழுத்து வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள். "இது பி செல். ரத்தத்துல ஓடுற காவலாளின்னு வைங்க. இந்தக் கைக்குப் பேரு ஏற்பி. ஒரு செல்லுக்கு ஒரே மாதிரி கைதான், அது ஒரே ஒரு பொருளத்தான் பிடிக்கும். பிடிச்சதும் உள்ள இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, ஒரு துண்ட வெளிய கொண்டாந்து தட்டுல வச்சுக் காட்டும்."

"யாருக்குக் காட்டும்?" என்றாள் வர்ஷி. அதுவரை நாற்காலியில் சுருண்டு கிடந்தவள்.

"டி செல்னு ஒரு மேலதிகாரி இருக்காரு. அவர் வந்து பாத்து, 'ஆமா, எதிரிதான்'னு சொன்னாத்தான் பி செல் ஆயுதம் செய்ய ஆரம்பிக்கும்."

"நல்ல ஏற்பாடுதான?" என்றேன்.

"நல்ல ஏற்பாடுதான். இதனாலதான் நாம பொழச்சுக் கெடக்கோம். ஆனா கொடல்ல நம்ம ஒடம்போட நொதி ஒண்ணு இருக்கு. அது கோதுமைப் புரதத்தோட ஒட்டிக்கும். இந்த பி செல்லோட கை பிடிக்கிறது அந்த நொதிய. கூட ஒட்டிக்கிட்டுக் கோதுமையும் உள்ள போயிருது. நறுக்கித் தட்டுல வைக்கும்போது கோதுமைத் துண்டு வந்து நிக்குது. இந்தப் பிள்ளையோட மேலதிகாரிக்குக் கோதுமைன்னா ஆகாது. 'எதிரிதான், செய்'னு உத்தரவு போட்டுட்டாரு. ஆனா பி செல்லுக்குச் செய்யத் தெரிஞ்ச ஆயுதம், அது கையில பிடிச்ச பொருளுக்கு எதிரா மட்டும்தான். அது எது? நொதி. நம்ம சொந்த ஒடம்பு. இப்படித்தான் நடக்குதுன்னு நாங்க புரிஞ்சு வச்சிருக்கோம்."

பிடித்தது ஒன்று, காட்டியது வேறொன்று, அடி விழுவது பிடிபட்டதற்கு. என் மகளின் உடம்புக்குள் இப்படி ஒரு கேலிக்கூத்தா?

"கோதுமைய நிப்பாட்டிட்டா?"

"தட்டுல வைக்கத் துண்டு இருக்காது, உத்தரவு வராது, ஆயுதம் கொறஞ்சிரும். உங்க பிள்ளைக்குக் கொறயலியே. அப்ப எங்கிருந்தோ கோதுமை போய்க்கிட்டேதான் இருக்கு. இப்படியே இன்னும் அஞ்சாறு மாசம் போனா வளத்தி நின்னுரும் சார். கொடல் தேறாது. அப்புறம் வேற மாதிரி கடுமையான மருந்துக்குத்தான் போகணும்."

பஸ்ஸில் வர்ஷி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பி செல்லுக்குக் கண்ணும் மேலதிகாரிக்கு மீசையும் வரைந்தாள். மீசை என்னுடையது.

மார்ச் 4, செவ்வாய்

யாரோ கொடுக்கிறார்கள். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சத்தம் போட்டேன். பிள்ளைகள் யாரும் வர்ஷிக்கு எதுவும் தருவதில்லையாம். திரும்பி வரும்போது பட்டறையில் கைவேலை இருந்தது, கூட நின்று பிசைந்தேன். சட்டை, தலை எல்லாம் மாவு. வீட்டுக்குள் நுழைந்ததும் வர்ஷி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எடையே இல்லை! பொரிமூட்டை மாதிரி இருக்கிறாள். வலி. மருந்து: மோர், இரண்டு டம்ளர்.

மார்ச் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

அக்கா கோயிலுக்குப் போன நேரம் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைக்கு அடியில் ரஸ்க் பாக்கெட், பாதி காலி. பிரேமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மதினியா இப்படி?" என்று அவள் வாயில் கை வைத்தாள். பிறகு, "அவங்க பாசத்துல குடுத்திருப்பாங்கங்க. பிள்ள கேட்டா மறுக்கத் தெரியாது அவங்களுக்கு" என்றாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாக்கெட்டை அவள் முன்னால் எறிந்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "சுகர் எறங்கி மயக்கம் மயக்கமா வருதுடா கனகு. மாத்திர போட்டதும் ரெண்டு ரஸ்க் தின்னாத்தான் நிக்க முடியுது. பிள்ள கண்ணுல படக்கூடாதுன்னு கொல்லையில போய் நின்னு தின்னேன். கையக் கழுவி, வாயக் கொப்புளிச்சிட்டுத்தான்டா அவளத் தொடுவேன்."

"தின்னது நீயா, அவளா?"

"என்ன பேச்சுடா பேசுற?"

"எம்பிள்ள செத்துக்கிட்டிருக்கு. நீ திருட்டு ரஸ்க் தின்னுக்கிட்டிருக்க."

சொல்லிவிட்டேன். அதை எழுதவும் செய்கிறேன். அக்கா பிள்ளைக்கு மதியச் சோறு வடித்து வைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு சாத்தூர் பஸ் ஏறிவிட்டாள், மகள் வீட்டுக்கு. போகட்டும். என் பிள்ளைதான் எனக்கு முக்கியம்.

மார்ச் 9, ஞாயிறு

வர்ஷி என்னோடு பேசவில்லை. மருந்து: மோர்.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா போய் ஒரு மாதம். வலி நின்றபாடில்லை. பிரேமாதான் சமைக்கிறாள். எண்ணெய் மாற்றினோம், அரிசி மாற்றினோம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். பதினேழரை கிலோ. நான் பார்த்துப் பார்த்து, பட்டறையிலிருந்து நல்ல கட்டியாக எடுத்து வந்து மோரில் கூடுதலாகவே கரைக்கிறேன். அதைக் குடித்தால்தான் ஏப்பம் வருகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

லீவு விட்டாயிற்று. "அத்தைகிட்டப் போகணும்" என்று வர்ஷி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அடம். பிரேமா என் முகத்தைப் பார்க்காமலே துணிமணி எடுத்து வைத்தாள். "நானும் கூடவே இருக்கேன். ரஸ்க் எதையும் உள்ள விட மாட்டேன், போதுமா?" என்றாள். அக்காவுக்கென்று ஒரு டப்பா பெருங்காயம் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, டப்பாவாவது போகட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

டப்பா திரும்பி வந்துவிட்டது. பஸ் கண்டக்டர் கொண்டுவந்து பட்டறையில் கொடுத்தார். "ஒங்க அக்கா சொல்லச் சொன்னாங்க அண்ணாச்சி, ஒங்க சரக்கு இனி அந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாதாம்."

ரோஷத்தைப் பாரேன்! பெருங்காயம் இல்லாமல் ரசம் வைக்கப்போகிறாளாம். வைக்கட்டும், குடித்துப் பார்க்கட்டும்.

மே 18, ஞாயிறு

இன்று வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் என் பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் வைத்திருக்கிறது! இறங்கியதும் ஓடினாள், ஓடியே வருஷக்கணக்காகிறது. வழியில் மருந்துக்கடையில் எடை போட்டேன். பத்தொன்பது கிலோ. மூன்று வாரத்தில் ஒன்றரைக் கிலோவா? மிஷின் கோளாறோ என்று நானும் ஏறிப் பார்த்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

"ஒரு நாள்கூட வலிக்கலங்க" என்றாள் பிரேமா.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. எவளைத் திருடி என்று துரத்தினேனோ அவள் வீட்டில் என் பிள்ளை தேறி வந்திருக்கிறாள். அப்படியென்றால் என் வீட்டில் என்ன இருக்கிறது?

மே 21, புதன்

காலை: தோசை, சாம்பார். மதியம்: ரசம் சோறு. மூன்று மணிக்கெல்லாம் வயிறு பானையாக உப்பி, துவண்டு விழுந்துவிட்டாள். நான் ஓடிப்போய் மோர் கரைத்தேன். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அத்த வீட்டு மோர்தான் வேணும். அதுல உப்பு மட்டும்தான் இருக்கும்."

"குடிறா கண்ணு, அப்பா மருந்து போட்டிருக்கேன்ல" என்று மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

மே 22, வியாழன்

சிவகாசியிலிருந்து லேபிள் கட்டு வந்தது. ஃபோன் நம்பரைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க ஒன்றை உருவினேன். நம்பர் சரி. அதற்கு நேர் கீழே, பிப்ரவரியில் நானே பார்த்துக் கையெழுத்துப் போட்ட அதே வரி.

சேர்மானம்: மைதா மாவு (கோதுமை), பிசின், பெருங்காயப் பால்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மைதா மூட்டைகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. நான் எண்ணி வாங்கி, ஈரம் படாமல் நானே அடுக்க வைத்தவை. இருபத்தாறு வருஷமாக இந்தக் கையால் பிசைகிறேன். பாதிக்குப் பாதி மாவு. எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் பிசைந்து, காயவைத்து, டப்பாவில் அடைத்தபின் எனக்கு அது மாவே இல்லை. அது பெருங்காயம். வயிற்று வலிக்கு மருந்து.

பிரேமா சோறு கொண்டுவந்தாள். லேபிளை நீட்டினேன். ஒரு தடவை வாசித்தாள். தூக்குவாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு, "ஐயோ" என்றாள்.

இந்த டைரியை ஜனவரியிலிருந்து புரட்டினேன். டாக்டர் கேட்டதற்காக ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். காலை, மதியம், மாலை, என்ன சாப்பிட்டாள். ஒரு இடத்தில்கூட மோர் சாப்பாட்டுக் கணக்கில் இல்லை. எல்லாம் மருந்துக் கணக்கில். எண்ணினேன். அறுபத்து மூன்று தடவை. வலி வந்ததும் கொடுத்திருக்கிறேன், கொடுத்ததும் வலி வந்திருக்கிறது. கடைசியாக நேற்று, மூக்கைப் பிடித்து.

பாவி! என் பிள்ளையை நானே...

மே 23, வெள்ளி

டாக்டருக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"நான் கேட்டேனே சார்" என்றார். பிறகு அவரே, "இல்ல, கேட்டுட்டு விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம்" என்றேன்.

மே 25, ஞாயிறு

சாத்தூர் போனேன். காலில் விழுந்துவிடுவது என்றுதான் போனேன். அக்கா வாசலில் என்னைப் பார்த்ததும், "இளைச்சுட்டியேடா" என்றாள். "கையக் கழுவு, சோறு போடுறேன்."

இலையில் ரசம் ஊற்றினாள். மிளகும் சீரகமும் பூண்டும்தான். குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குக்கா."

"பொய் பேசாத. ஒன் பெருங்காயம் இல்லாம அது வெறும் வெந்நி. வீம்புக்குத்தான் போடாம இருக்கேன்."

இலை முன்னாலேயே சொன்னேன். ரஸ்க் இல்லை அக்கா, நீ இல்லை. என் சரக்குதான். மாவு. மோர். அறுபத்து மூன்று தடவை. நீ வீம்பு பிடித்து டப்பாவைத் திருப்பி அனுப்பினாயே, அதனால்தான் என் பிள்ளை பிழைத்தாள். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு நான் பேசியதற்கு என் நாக்கு அழுகிப் போகட்டும்.

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! அவள் கையில் இருந்த கரண்டி ரசச் சட்டிக்குள் நழுவியது.

"சாம்பாருக்கு நாந்தானடா போட்டேன்" என்றாள். "ரசத்துக்கும் நாந்தான். ரெண்டு வயசுலேர்ந்து அவளுக்கு இந்தக் கையால... பிள்ளைக்கு நல்லதுன்னு ஒரு கட்டி கூடப் போடுவேன்டா. அப்ப நீ சொன்னது சரிதான். நாந்தான் குடுத்திருக்கேன்."

குற்றமில்லை என்று சொல்லப் போனவன், அதுவரை அவளிடம் இல்லாத குற்றத்தை அவள் மடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்ன மனிதன் நான்!

"அக்கா, நீ போட்டது பாசத்துல. அதுல ஒட்டிக்கிட்டு வந்தது என் மாவு" என்றேன். "பெட்டியில கெடச்சத வச்சு நான் ஒன்ன அடிச்சேன். நீயும் இப்ப ஒன்னையே அடிச்சுக்காத. ஒரு வீட்டுக்கு ஒருத்தன் பண்ணுனது போதும்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவள் மகள் வந்து என்ன ஏதென்று தெரியாமல் நின்றாள். சாயங்காலப் பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தோம். ரஸ்க் பாக்கெட்டை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. அவளாகவே வேண்டாமென்று, பொரிகடலையை முடிந்துகொண்டாள்.

ஜூன் 16, திங்கள்

லேபிளில் கோதுமை என்ற சொல்லை நாலு மடங்கு பெரிதாக, சிவப்பில் போடச் சொன்னேன். "இப்படிப் போட்டா யாரு அண்ணாச்சி வாங்குவா?" என்றார் அச்சகத்துக்காரர். வாங்காதவர்கள் வாங்க வேண்டாம் என்றேன். பட்டறையிலேயே குளித்து, சட்டை மாற்றிவிட்டுத்தான் இப்போது வீட்டுக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அந்த எண் இறங்கிவிட்டது! பாதிக்குக் கீழே. "தட்டுல வைக்கத் துண்டு இல்ல, உத்தரவும் நின்னு போச்சு" என்று டாக்டர் வர்ஷியின் முதுகில் தட்டினார். இருபத்தொன்றரைக் கிலோ.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டே வந்தவள், திருமங்கலம் தாண்டியதும் திடீரென்று திரும்பினாள்.

"அப்பா, இனி எனக்கு வயிறு வலிச்சா என்ன குடுப்பீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துதான் கேட்கிறாளா? வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

"ஒண்ணும் குடுக்க மாட்டேன்டா. பக்கத்துல உக்காந்திருப்பேன்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு, உள்ளங்கையில் மீதியிருந்த பொரியில் ஒன்றை எடுத்து என் வாயருகே நீட்டினாள். வாயைத் திறப்பதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது.